கையெட்டும் தூரத்தில் துருசு

மீன் தொட்டி அலங்காரங்களில் படியும் பாசியை அகற்றப் பல வழிகள் உண்டு. ஏல மலையில் சுலபமாகக் கிடைக்கும் வழிதான் மீனுக்கு எமன்.

தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன் வண்டன்மேட்டின் ஏலத் தோட்டங்கள் நீலம் பூசிக்கொள்கின்றன. தண்ணீர் 100 லிட்டர், துருசு ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. இந்த ஒரு சதவீத போர்டோ கலவையைத் தூரிலும் சரத்திலும் நனைய நனைய அடித்துவிட்டால்தான் அடைமழையில் காய் அழுகாமல் தப்பும். ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி கொண்டுவரும் அந்த நோய்க்கு மலையாளத்திலும் 'அழுகல்' என்றே பெயர். மழைக்கு நடுவே வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் மறுபடியும் தெளிப்பார்கள். தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலையேறினால் வந்துவிடும் ஊர் இது. ஏலக்காய்க்கும், ஏலக்காய் ஏலத்துக்கும் பெயர் பெற்றது. இங்கே ஏலம் பயிரிடுபவரின் கொட்டகையில் துருசு இருப்பது, அடுப்படியில் உப்பு இருப்பதைப் போல.

துருசு என்றும் மயில்துத்தம் என்றும் சொல்லப்படுவது காப்பர் சல்பேட். பூஞ்சை நோய்களைத் தடுப்பதோடு இதற்கு இன்னொரு வேலையும் தெரியும். பாசியைக் கொல்லும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டு வரவேற்பறையில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் செடி, பீங்கான் பாலம், பிசினில் வார்த்த கோட்டை, வாய் திறந்து குமிழி விடும் சிப்பி. வாங்கிய மாதம் பளபளத்த கோட்டை மூன்றாவது மாதம் பச்சைக் கம்பளி போர்த்திக்கொள்கிறது. பாலத்தின் விளிம்பில் கறுப்பு மயிர் முளைக்கிறது. தேய்த்துக் கழுவினால் பத்து நாளில் திரும்ப வருகிறது. இதற்கு ஒரு மருந்து இருந்தால் தேவலை என்று தோன்றும் நேரத்தில், மருந்து கொட்டகையில் மூட்டையாகவே இருக்கிறது. ஒரு சிட்டிகை போட்டால் என்ன?

அந்த யோசனையை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு நூறாண்டு தாண்டிய வரலாறு இருக்கிறது. பிரான்சின் மெடோக் பகுதியில் சாலையோரத் திராட்சையைப் பறித்துத் தின்பவர்களை அருவருக்க வைப்பதற்காக விவசாயிகள் கொடிகளின் மேல் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது வழக்கம். அந்த ஓரக் கொடிகளை மட்டும் சாம்பல் பூத்தது போன்ற நோய் தாக்கவில்லை என்பதை 1882இல் கவனித்தவர் தாவரவியலாளர் மில்லார்டே. 1885இல் அவர் வெளியிட்ட கலவைதான் இன்று ஏல மலையில் தெளிக்கப்படுவது. இருபது ஆண்டுகள் கூட ஆகவில்லை. 1904இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் மூர், கார்ல் கெல்லர்மன் இருவரும், குடிநீர்த் தேக்கங்களில் பாசியை ஒழிக்கத் துருசு போதும் என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து நீர்த்தேக்கங்களிலும் மீன் குளங்களிலும் அது புழங்குகிறது. கடைகளில் விற்கும் பாசிக்கொல்லித் திரவங்கள் சிலவற்றிலும் இருப்பது செம்புதான்.

ஆனால் நீர்த்தேக்கத்துக்கும் வீட்டுத் தொட்டிக்கும் இடையே ஒரு கணக்கு குறுக்கே நிற்கிறது. மீன் குளங்களில் துருசு இடுவதற்கு ஒரு வாய்பாடு உண்டு. தண்ணீரின் மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளந்து, நூறால் வகுக்க வேண்டும். வரும் விடைதான் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் துருசு என்பது. காரத்தன்மை 100 என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அதாவது 100 லிட்டர் பிடிக்கும் தொட்டிக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. ஏலக்காய்க் கடைத் தராசில் அதை நிறுக்க முடியாது. நகைக் கடைத் தராசு வேண்டும். விரல் நுனியால் எடுக்கும் சிட்டிகை அதைவிடப் பல மடங்கு. தெளிப்பானில் இருக்கும் போர்டோ கலவையிலோ லிட்டருக்கு 10,000 மில்லிகிராம்.

வாய்பாட்டின் இரண்டாம் பாதிதான் மலைவாசிகளுக்கு முக்கியம். காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் துருசின் பக்கமே போகக் கூடாது என்பது அது. மலை மேல் பெய்யும் மழை, சுண்ணாம்பு அதிகம் இல்லாத பழங்காலக் கடும்பாறைகளின் மேல் ஓடி வருகிறது. கரைத்துக்கொள்ள அதற்கு அதிகம் கிடைப்பதில்லை. சோப்பு தொட்டவுடன் நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழாது. வீட்டுக்காரர்களுக்கு இது நல்ல தண்ணீர். செம்பு கலந்தால் மீனுக்கு இதுவே மோசமான தண்ணீர்.

காரணம் மீனின் செவுளில் இருக்கிறது. நன்னீர் மீன் தன் உடம்புக்குத் தேவையான சோடியத்தைச் செவுள் வழியே தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. கரைந்த செம்பு அந்த வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடின நீரில் கால்சியம் அந்த இடத்துக்குப் போட்டியிடும். கார்பனேட் செம்பைப் பிடித்துக் கட்டிப்போடும். மென்னீரில் இந்த இரண்டு காவலர்களும் இல்லை. மீன் உப்பை இழந்து, மூச்சு வாங்கி, மேலே வந்து வாய் பிளந்து சாகிறது. சென்னையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மீன் தாங்கிக்கொள்ளும் அளவு, வண்டன்மேட்டு ஊற்றுத் தண்ணீரில் அதே மீனைக் கொன்றுவிடலாம். ஆகவே கொளத்தூர் மீன் சந்தையில் ஒருவர் சொன்ன அளவை மலைக்குக் கொண்டுவருவதில் அர்த்தமில்லை. நத்தையும் வண்ண இறாலும் எந்த ஊர்த் தண்ணீரிலும் செம்பைத் தாங்காதவை. மீன் பிழைத்தாலும் அவை பிழைப்பதில்லை.

எல்லாம் சரியாக அமைந்து பாசி மட்டும் செத்தால்? ஒரே நாளில் செத்த பாசி ஒரே நேரத்தில் அழுகும். அழுகல் ஆக்ஸிஜனைத் தின்னும், அம்மோனியாவைக் கக்கும். அழகுக்காக வைத்த கோட்டையைச் சுத்தம் செய்ய இத்தனை ஆபத்தை விலைக்கு வாங்குவதைவிட, அந்தக் கோட்டையைக் கையால் வெளியே எடுப்பது எவ்வளவோ மேல்.

எடுத்தவுடன் பார்க்க வேண்டியது பாசியின் நிறம். புதிய தொட்டியில் பழுப்பாகத் தூசி போலப் படிவது டயட்டம். விரலால் துடைத்தாலே போய்விடும். சில வாரங்களில் தானாகவும் குறையும். இதற்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. பச்சைப் படலமும் பச்சை நூலும் வெளிச்சம் அதிகம் என்பதன் அறிவிப்பு. கறுப்பு மயிர்க் கற்றையாக நிற்பது உண்மையில் சிவப்புப் பாசி இனம். பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடித்ததுபோல ஒட்டியிருக்கும். நீலப்பச்சையாக, வழவழப்பாக, நாற்றத்தோடு தோல் போல உரிந்து வருவது பாசியே அல்ல, பாக்டீரியா. தொட்டியின் அடியில் எச்சம் சேர்ந்திருக்கிறது, தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம்.

பெரும்பாலான பாசிக்குத் தேவையானது புது டூத் பிரஷ். அல்லது சோப்பு படாத தேங்காய் நார். தொட்டியிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வெளியேற்றும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதற்குள்ளேயே வைத்துத் தேய்ப்பது நல்லது. கோடையில் தண்ணீருக்குத் திண்டாடும் மலையில் இதற்கென்று தனியாகத் தண்ணீர் செலவழிக்க வேண்டியதில்லை. பிறகு அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். நைட்ரேட் கலந்த நல்ல உரம். இடுக்குகளில் பிரஷ் நுழையாவிட்டால் கல் உப்பை வைத்துத் தேய்த்து அலசலாம். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பவுடரும் கூடாது. எவ்வளவு அலசினாலும் மிச்சம் நிற்கும். அதுவும் செவுளுக்குப் பகை. தோட்டத்து மருந்து கலக்கிய வாளியைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் மீனுக்குக் கொடிய விஷமானவை உண்டு. மருந்து அடித்துவிட்டு வந்த கை, குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் போக வேண்டும். தொட்டிக்கென்று ஒரு வாளி, வேறு நிறத்தில், தனியாக இருப்பது உத்தமம்.

மரக்கட்டையும் கல்லும் வேறு ஜாதி. மரம் எதையும் உறிஞ்சிக்கொள்ளும்; ஆகவே ரசாயனம் எதுவும் ஆகாது. தேய்த்து, கொதிநீர் ஊற்றி, ஆறவைத்தால் போதும். கல்லை அடுப்பில் போட்டுக் கொதிக்கவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடித்து முகத்தில் தெறிக்கலாம். சமவெளியில் கடின நீர் புழங்குபவர்கள் அலங்காரத்தின் மேல் வெள்ளையாகக் காண்பது பாசி அல்ல, சுண்ணாம்புப் படிவு. அதற்கு வினிகரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். அந்தப் பொருளே சுண்ணாம்புக் கல்லாகவோ சிப்பியாகவோ இருந்தால் வினிகர் அதையே அரித்துவிடும்.

தேய்த்தும் போகாத பாசிக்குத்தான் பிளீச். பிளாஸ்டிக், பீங்கான், கண்ணாடி ஆகிய மூன்றுக்கு மட்டும். வாசனையோ நுரையோ சேர்க்காத வீட்டு பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 19 பங்கு. அதாவது ஒரு லிட்டர் கலவையில் 50 மில்லி. கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, பத்து நிமிடம் ஊறவைத்தால் பாசி வெளுத்துவிடும். கால் மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், சாயம் போகும். சாயம் பூசிய மலிவான பிசின் பொம்மையாக இருந்தால் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது நல்லது. வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ இதோடு சேர்த்தால் கிளம்புவது குளோரின் வாயு. மீனுக்கு முன் மனிதர் விழுவார். இதில் விளையாட்டு கூடாது.

ஊறியதை நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் மறுபடி ஊறவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் பிளீச் வாசனை துளியும் இருக்கக் கூடாது. ஆடி மாத வண்டன்மேட்டில் வெயிலை எதிர்பார்த்து உட்கார முடியாது என்பதால், அடுப்படிச் சூட்டில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடலாம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். மீன் கடையில் குளோரினை நீக்க விற்கப்படும் சோடியம் தயோசல்பேட்டுக்கு, பழைய புகைப்பட ஸ்டுடியோக்களின் காலத்திலிருந்து 'ஹைப்போ' என்று பெயர். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் ஊழியர்கள் சுருக்கமாக 'ஹைப்போ' என்கிறார்கள். அது பிளீச். ஒன்று விஷம், மற்றது முறிவு. இரண்டுக்கும் ஒரே செல்லப் பெயர். கடையில் கேட்கும்போது முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டு, பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குவது மீனின் ஆயுளுக்கு நல்லது.

கறுப்பு மயிர்ப் பாசிக்கு பிளீச்சைவிட நயமான ஆயுதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துபோகும் என்பது இதன் சிறப்பு. மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். அதே அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கி, வெளியே எடுத்து வைத்த அலங்காரத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, ஐந்து நிமிடம் கழித்து அலச வேண்டும். உடனே பாசி உதிராது. ஓரிரு நாளில் சிவந்து, வெளிறி, தானே கழன்றுவிடும்.

சுத்தம் செய்யும் உற்சாகத்தில் பலரும் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் பளிச்சென்று ஆக்கிவிடுவது. கோட்டையின் மேலும் கூழாங்கல்லின் மேலும் பாசியோடு கூடவே நல்ல பாக்டீரியாவும் குடியிருக்கிறது. மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது அதுதான். பிளீச் அதையும் சேர்த்து அழிக்கும். அத்தனை அலங்காரத்தையும் ஒரே நாளில் பிளீச்சில் போட்டு, வடிகட்டியின் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் பிழிந்துவிட்டால், மறுவாரம் தெளிந்த தொட்டியில் மீன் மிதக்கும். பாதியை இன்று, மீதியை இரண்டு வாரம் கழித்து என்பதே முறை. ஆயிரம் மீட்டருக்கு மேல் குளிரும் ஊரில் அந்த பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும் என்பதால், இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

பாசி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் ஜன்னலிலும் குழாயிலும் இருக்கிறது. காலை வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி இருந்தால் எந்தப் பிரஷும் ஜெயிக்காது. விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் இரை போட்டால் மிச்சம் பாசிக்குத்தான். தண்ணீர் விஷயத்தில் ஏல மலைக்கு ஒரு தனிச் சிக்கல். கோடைப் பாசனத்துக்காகத் தோட்டங்களில் பிளாஸ்டிக் படுதா விரித்து வெட்டிய குளங்கள் இப்போது சாதாரணம். அவற்றில் உண்ணும் மீன் வளர்ப்பவர்களும் உண்டு. சரிவில் இட்ட உரம் மழையில் கரைந்து இந்தக் குளங்களில் சேரக்கூடும். பச்சையாகத் தெரியும் குளத்து நீரை மொண்டு வந்து தொட்டியை நிரப்பினால், பாசிக்கு விதையும் உரமும் சேர்த்தே வந்துவிடும். ஊற்று நீரோ கிணற்று நீரோ நல்லது.

பாசிக்கு மருந்து வேண்டாம், மீனே தின்னட்டும் என்று சக்கர் மீனை வாங்கிவருபவர்களும் இருக்கிறார்கள். விரல் நீளத்தில் வாங்கும்போது கண்ணாடியை நக்கிக்கொண்டு சாதுவாக இருக்கும். ஒன்றரை அடி வரை வளரக்கூடியது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீனின் இரையைத் தின்னும், கோட்டையைப் புரட்டும், அது போடும் கழிவிலேயே புதுப் பாசி தழைக்கும். தாங்க முடியாமல் ஒருநாள் ஓடையில் விட்டுவிடுவார்கள். தென்னமெரிக்க மீனான அது இன்று தமிழ்நாட்டு, கேரள நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது அப்படித்தான். 2018 வெள்ளத்துக்குப் பிறகு அரபைமாவும் அலிகேட்டர் காரும் கேரளத்து மீனவர்களின் வலையில் விழுந்தபோதுதான், வளர்ப்பு மீன் ஆற்றுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பேச்சு பெரிதாக எழுந்தது. பெரியாறு போன்ற அரிய மீன்களின் தாயகத்துக்கு அருகே இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அந்த மலை ஓடைகளில் பாறை சுரண்டும் உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கல்லொட்டி. காரா இனத்தைச் சேர்ந்த இந்தச் சிறு மீனுக்கு வாய் அடிப்பக்கம்; உதட்டுக்குக் கீழே பாறையைப் பிடித்துக்கொள்ள ஒரு வட்டு. வேகமாக ஓடும் தண்ணீரில் கல்லோடு ஒட்டிக்கொண்டு பாசியை மேய்கிறது. இதில் ஒரு வகை பெரியாற்றுப் பகுதிக்கே உரியது. 2001இல்தான் தனி இனமாக அறிவிக்கப்பட்டு காரா பெரியாரென்சிஸ் என்று பெயர் பெற்றது. காப்பகத்துக்குள் அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம். அதோடு, ஓட்டமும் ஆக்ஸிஜனும் நிறைந்த தண்ணீரில் வாழ்ந்த மீன் வரவேற்பறைத் தொட்டியில் நிம்மதியாக இருக்கப்போவதில்லை.

ஏற்கெனவே தொட்டியில் துருசு விழுந்திருந்தால் தாமதிக்க நேரமில்லை. மீனையும் நத்தையையும் அதே வெப்பத்திலுள்ள சுத்தமான தண்ணீருக்கு மாற்றி, காற்றுக் குழாயை ஓடவிட வேண்டும். குளோரின் நீக்கியை ஊற்றிவிட்டு நிம்மதியடையக் கூடாது. அதன் வேலை வேறு. தொட்டித் தண்ணீரை முழுவதும் வெளியேற்றி, புதுத் தண்ணீர் விட்டு, வடிகட்டியில் புதிய ஊக்குவித்த கரி வைத்தால் மிச்சமுள்ள செம்பில் ஓரளவை அது பிடிக்கும். வெளியேற்றிய தண்ணீர் ஓடைக்கோ படுதாக் குளத்துக்கோ போகக் கூடாது. பிளாஸ்டிக், பீங்கான் அலங்காரங்களைப் பலமுறை அலசித் திரும்ப வைக்கலாம். சுண்ணாம்புக் கல்லும் சிப்பியும் பவளத் துண்டும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடக்கூடியவை. அவற்றைத் தொட்டிக்குள், குறிப்பாக இறால் வளரும் தொட்டிக்குள், மறுபடி கொண்டுபோக வேண்டாம். வாசலில் இருக்கும் பூந்தொட்டிகளின் மேல் அடுக்கி வைக்கலாம்.